லென்ஸை மறைத்த கிளை

1

இந்தக் கதை ஒரு கேமராக் கடையில் தொடங்கியது. அப்படி எழுதுவதே பாதிப் பொய். உண்மையில் இது ஒரு போன் பேச்சில் தொடங்கியது. ஆனால் கடையிலிருந்து ஆரம்பித்தால் எனக்கு வசதி. என்ன வசதி என்பதைச் சொல்லாமல் நழுவப் பார்த்தேன் என்றால் நீங்களே சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: உடைப்புக்காரர் கேமராக் கடைக்குள் தனியாக நுழைந்தபோது… [வேண்டாம். 'தனியாக' என்ற சொல் உறுத்துகிறது.]

இரண்டாவது: எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூனை. [அந்த வீட்டில் பூனையே கிடையாது. பழியைப் போட நான் கூட்டி வந்தது. விரட்டிவிட்டேன்.]

மூன்றாவதை வைத்துக்கொண்டு நகர்கிறேன்.

2

முப்பது வருஷம் மெஷின் பிடித்துக் கான்கிரீட் உடைத்தவர் அவர். தளம், தூண், பழைய சாலை என்று எதையும் விட்டதில்லை. அதனால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் உடைப்புக்காரர். மெஷினை விட்டு நாலு வருஷமாகியும் கை ஆட்டம் மட்டும் இன்னும் விடவில்லை. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தளும்பும். வெளியாட்கள் முன்னால் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார்.

அவருடைய மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பின்பக்க ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம். அதற்குள் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. குருவி போவதும் வருவதும்தான் கட்டிலிலிருந்து தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

"என்னங்க, முட்டை வச்சிருக்கா பாருங்களேன்."

"மூணு இருக்கு."

"நீங்க பாத்தாப் போதுமா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

அன்று சாயங்காலம் அவர் கேமரா வாங்க முடிவு செய்தார்.

3

கடையில் ஒரு பெண் நிதானமாக விளக்கினார். தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் நீள லென்ஸ் இருக்கிறது. ஆனால் அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஸ்டாண்டும் வேண்டும். இல்லையென்றால் சின்னக் கேமராவைக் கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் இருந்தே போனில் அழுத்தலாம்.

உடைப்புக்காரர் இரண்டையும் கையில் வாங்கி எடை பார்த்தார். சின்னதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது என்னம்மா, வெறும் டப்பா மாதிரி இருக்கு. இதப் பாரு, தூக்குனாலே தெரியுது. மெஷின்னா இப்படி இருக்கணும்."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் மாதிரி வீடுகளில் கருவியைக் கனத்தை வைத்துத்தான் மதிப்போம். லேசான சம்மட்டியை எவன் வாங்குவான்? சுவர் உடைக்கிற புத்தியோடு குருவியைப் பார்க்கப் போனார், அவ்வளவுதான்.

[இப்போது பிடித்துவிட்டீர்கள். 'எங்கள் மாதிரி வீடுகளில்' என்று வாய் தவறிவிட்டது. சரி. கடைக்குப் போனது இரண்டு பேர். அவருடைய படித்த மகன் ஒருவனும் கூடப் போனான். அந்த மகன் நான்.]

அந்தப் பெண் கேட்டார்: "சார், கையில புடிச்சு எடுப்பீங்களா? அசையாம வருமா?"

அப்பா கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். நான் முந்திக்கொண்டேன். "ஸ்டாண்டெல்லாம் வேணாங்க. அப்பா கை இரும்பு மாதிரி."

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பக்கத்தில் நல்ல சட்டை போட்ட இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் அப்பாவின் கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஸ்டாண்டு வாங்கினால் அதை விரித்துக் காட்டச் சொல்வார்கள், அவர் கை வெளியே வரும். அவ்வளவு கேவலமான கணக்கு அது.

4

குஞ்சு பொரித்துவிட்டது. அப்பா எடுத்ததெல்லாம் கலங்கலாக வந்தது. நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பி, அலுவலகத்தில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் வந்தது.

"ஒண்ணும் சரியா விழலடா. இலையாத்தான் தெரியுது. உங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்கா."

கை ஆடினால் வேகமாக எடுக்க வேண்டும், வேகமாக எடுக்க வெளிச்சம் வேண்டும் என்று எங்கேயோ ஒரு கட்டுரையில் பாதி படித்திருந்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"வெளிச்சம் பத்தலப்பா. மறைக்கிற கிளைய வெட்டி விடுங்க."

"வெட்டுனா கூடு வெளிய தெரிஞ்சிருமேடா?"

"தெரியணும்னுதானப்பா எடுக்கறோம்!"

எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்தேன்.

கான்கிரீட் உடைத்தவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. இதற்கு உவமை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தேவையும் இல்லை.

அப்பா வெட்டினார். ஒரே ஒரு படம் அசையாமல் விழுந்தது: திறந்த மூன்று வாய்கள். அம்மா அதை மார்பில் வைத்துக்கொண்டே அன்று தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் காக்கைகள் வந்தன. அம்மா ஜன்னல் வழியே முழுவதும் பார்த்தார். தனியாக எழ முடியாதவர். கத்தினார். அப்பா மளிகைக் கடையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கிளைய யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"முப்பது வருஷம் உடைச்சது பத்தலையா உங்களுக்கு? இதையும் உடைச்சாச்சா?"

அத்தோடு சரி. இன்றோடு பன்னிரண்டு நாள், அவரிடம் அம்மா பேசவில்லை. பாத்ரூமுக்குப் போக அவர் தோளைத்தான் பிடிக்க வேண்டும். பிடிக்கிறார். பேச்சில்லாமல் இரண்டு பேரும் நடந்து போகிறார்கள், திரும்புகிறார்கள். அம்மாவின் கை அவர் தோளில், அவருடைய கை ஆடிக்கொண்டே அம்மாவின் இடுப்பில்.

5

லீவு போட்டுவிட்டு வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இங்க இருந்திருந்தா அந்த மனுஷனை வெட்ட விட்டிருப்பியாடா?"

"விடும்மா" என்றேன்.

அந்த 'விடும்மா'வுக்காகத்தான் இவ்வளவு பக்கம்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"நீ வாயாலதான சொன்ன? வெட்டுன கை என்னுது."

"அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்பா."

"எதுக்கு? உன் பேச்சாவது அவளுக்கு இருக்கட்டும். போய்ச் சாப்பிடு."

நான் போய்ச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

6

முடிவுகள்:

ஒன்று, கொண்டைக்குருவி அதே மரத்தில் மறுபடியும் கூடு கட்டுகிறது. அம்மா சிரிக்கிறார். [பொய். குருவி இந்தப் பக்கமே வரவில்லை.]

இரண்டு, கதை அச்சாகி வந்து, அம்மா படித்துத் தெரிந்துகொள்கிறார். [கோழைத்தனம். இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.]

மூன்று, நான்…

இதைச் சமையலறை மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது.

"என்னடா எழுதற அவ்வளவு நேரமா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்கிறார். "ஆபீஸ் வேலையா இருக்கும். அவன விடு."

அம்மா அவரைத் தாண்டி என்னிடமே கேட்கிறார்.

"உன்னத்தான்டா கேட்டேன்."

பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கதவோரம் நின்றேன். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அம்மா, அந்தக் கிளைய வெட்டச் சொன்னது

[திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். மிச்சம் ஒரு சொல். சொன்னேனா, விழுங்கினேனா என்பதை எழுத மாட்டேன். எழுதினால் இங்கேயே சொல்லி முடித்ததாகிவிடும். நீங்கள் சொல்லிப் பாருங்கள், வாய்விட்டு. எவ்வளவு சின்னச் சொல் என்று தெரியும்.]