கட்டுக் கையோடு குடிபோனவள்

பல் டாக்டரான என் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவாள். கையில் மாவுக்கட்டோடு அவளைப் பார்த்ததும், இந்தக் கூத்து ஒழிந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அவளோ கடலோரத்தில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

அண்ணன் கொதித்துப்போய் வந்தார்.

"அலையில விழுந்து கையை உடைச்சுக்கிட்டது போதாதா? அங்கயே குடித்தனம் வேறயா?"

"எங்க விழுந்தேன்னு நீங்க யாராவது கேட்டீங்களா? குளியலறையில சோப்புத் தண்ணி வழுக்கிடுச்சு. கடல் என்னை எத்தனையோ தடவை தூக்கிப் போட்டிருக்கு, ஒரு கீறல்கூட இல்ல."

அண்ணன் விடவில்லை. "தனியாக் கிடந்தா யாரு பாத்துக்குவா?"

"இங்க விழுந்தப்ப யாரு பாத்தா? நானே எழுந்து டாக்ஸி பிடிச்சுப் போனேன்."

"கிளினிக்?"

"பல்வலி அந்த ஊர்லயும் இருக்கும்ணா."

அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அக்கா கலங்கவில்லை. கட்டுப் பிரிக்கும் முன்பே வீடு மாறினாள். பெட்டிகளை நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

கை தேறியபின் அவள் முதலில் கடலில் இறங்கிய காலையில் நானும் கரையில் நின்றேன். பலகைமேல் எழுந்து நின்ற வேகத்திலேயே அலை அவளைக் கவிழ்த்தது. "வெளிய வா, போதும்!" என்று கத்தினேன். அவள் மூக்கைச் சிந்தினாள், பலகையை இழுத்து ஏறிப் படுத்தாள், அடுத்த அலையை நோக்கித் துழாவிக்கொண்டு போனாள்.