‘பேச்சு வரல’ என்று தேடியவர்

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாகைப் படிப்பகத்துக்கு ஸ்வாதி முதலில் போனது புத்தகத்துக்காக இல்லை. கரூரிலிருந்து வேலைக்கு வந்து, ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் தனியாகக் குடியேறிய புதிது. சனிக்கிழமை வந்தால் பேச ஆள் கிடையாது. எங்காவது நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று போனாள். சில வாரங்கள் கழித்து நூலகர் ஜஸ்டின், “காலைல சாப்ட்டீங்களா ஸ்வாதி?” என்று கேட்டார். சென்னையில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அன்று அவள் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, பீரோக்களுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படிப்பகம் ஒரு அறக்கட்டளை நடத்துவது. அதன் இணையதளம் பார்க்கச் சகிக்காது. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எந்தப் புத்தகம் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரில்தான் வர வேண்டும். ஸ்வாதியின் வேலையே அதுதான், இணையதளங்களுக்குத் திரை வடிவமைப்பது. “நான் பண்ணித் தர்றேன் சார்” என்று அவளாகவே சொன்னாள்.

ஒவ்வொரு வார இறுதியும் உட்கார்ந்து செய்தாள். அலுவலக நண்பர்கள் கிஷோரும் சிம்ரனும் சோதித்துப் பார்த்தார்கள். புத்தகத்தின் பெயரைத் தட்டினார்கள், வந்தது. முன்பதிவு செய்தார்கள், ஆனது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தளத்தைத் திறந்தபோது ஜஸ்டின் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். அறக்கட்டளைக்காரர்கள் கை தட்டினார்கள். ஸ்வாதிக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அடுத்த சனிக்கிழமை ராணி வந்தார்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, வேர்வையோடு நேரே ஜஸ்டினிடம் போய் நின்றார்.

“இன்னா சாரு, புச்சா வெப்சைட்டு போட்டுக்கீறோம்னு எம்புள்ள போனுக்கு மெசேஜ் வந்துச்சு. போயிப் பாத்தா ஒரு பொஸ்தவமும் இல்லேங்குது. இத்தினி பீரோ நெறய வெச்சுகினு இல்லேனா இன்னா அர்த்தம்?”

ஜஸ்டின் தயக்கத்தோடு பக்கத்து மேசையைப் பார்த்தார். ஸ்வாதி எழுந்து வந்தாள்.

“அக்கா, அதச் செஞ்சது நான்தானுங்க. நீங்க எப்படித் தேடினீங்கன்னு எனக்கு ஒருவாட்டி காட்டுறீங்களா?”

“நீயா? உக்காரு.”

ராணி தன் போனை எடுத்து, தேடல் பெட்டியில் இருந்த மைக்கை அமுக்கி, படிப்பகமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்: “பேச்சு வரல.”

திரையில் அது எழுத்தாக விழுந்தது. கீழே, ஸ்வாதி தேர்ந்தெடுத்த அழகான வெளிர்நீலத்தில், ‘முடிவுகள் எதுவும் இல்லை.’

“பாத்தியா?” என்றார் ராணி. மறுபடி மைக்கை அமுக்கி, “பக்கவாதம்” என்றார். முடிவுகள் எதுவும் இல்லை. “வாய் கோணல்.” இல்லை.

நான்காவது முறை மைக்கை அமுக்கப் போனவர், அமுக்காமல் ஸ்வாதியிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “எங்கூட்டுக்காரருக்கு. தீவாளிக்கு முன்னாடி வந்துச்சு. கை கால் கொஞ்சம் தேறிகினு வருது. பேச்சுதான் வரல. பெரியாஸ்பத்திரில பயிற்சி குடுக்கறாங்க, ஆனா அவர இட்டுகினு அடிக்கடி அம்மாந்தூரம் போவ முடியல. ஊட்ல நானே எதுனா செய்யலாமான்னு பாத்தேன். பக்கத்தூட்டுப் பொண்ண உக்கார வெச்சுட்டு வந்துகீறேன்.”

ஸ்வாதிக்கு என்ன நடந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. பழைய கணினியில் தமிழ் ஏறாது என்பதால், வருஷக்கணக்கில் புத்தகப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார்கள். கிஷோரும் சிம்ரனும் ஆங்கில எழுத்தில் தேடினார்கள், அவர்களுக்குக் கிடைத்தது. தமிழில் தேடிப் பார்க்க வேண்டும் என்று தமிழச்சியான அவளுக்கே தோன்றவில்லை. அவளும் போனில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள்.

ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி என்று ஒரு புத்தகம், மருத்துவ வரிசையில், மேல் தட்டில். ஜஸ்டின் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ராணி அதை இரண்டு கையாலும் வாங்கினார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“நல்லா இரு கண்ணு” என்றார் ஸ்வாதியிடம்.

“நான் ஒண்ணும் செய்யலீங்கக்கா. நீங்க வரலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது” என்றாள் ஸ்வாதி. உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எத்தனை பேர் அந்த வெளிர்நீல வரியைப் பார்த்துவிட்டு, இங்கே நமக்கு ஒன்றும் இல்லை என்று போனை மூடியிருப்பார்கள்? ராணி ஒருவர்தான் சண்டை போட ரயில் ஏறி வந்திருக்கிறார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகர்களே வந்து உட்கார்ந்து பெயர்களைத் தமிழில் அடித்தார்கள். கிஷோரும் வந்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும், வீட்டில் ஜனங்கள் அதை எப்படிச் சொல்வார்களோ அந்தச் சொற்களையும் சேர்த்தார்கள். நீரிழிவு என்றாலும் வரும், சுகர் என்றாலும் வரும். ‘பேச்சு வரல’ என்பதை ஸ்வாதி தன் கையாலேயே சேர்த்தாள்.

ராணியின் புத்தகத்துக்குத் தவணை முடிந்தும் புதுப்பிக்கவில்லை. ஜஸ்டின் போன் செய்தபோது, “வெப்சைட்டுல போனா என்னமோ நம்பர் கேக்குது சாரு, எனக்கு வரவே மாட்டேங்குது” என்றார். போனில் பேசித் தீராது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதி நேரே வேப்பம்பட்டுக்கே போனாள்.

விஷயம் எளிதுதான். உறுப்பினர் அட்டை வாங்கும்போது மகன் பாண்டியனின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ஓடிபி அவனுக்குப் போகும். அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்வரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவன் வீடு வந்து பார்ப்பதற்குள் அந்த எண் செத்துப்போயிருக்கும்.

“ஓடிபியே வேணாங்க. அட்டை நம்பரும் நீங்களா வெச்சுக்கிற ஒரு நாலு நம்பரும் போதும்னு மாத்திடறேன்” என்றாள் ஸ்வாதி.

உள்ளே கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ராணியின் கணவர் ஜம்புலிங்கம். மடியில் அந்தப் புத்தகம். வாய்க்குப் பழகிப்போன வரிசைகளில் இருந்து தொடங்க வேண்டும், தானாக வருவதுதான் முதலில் வரும் என்று அதில் போட்டிருந்ததாம். ராணி ஞாயிறு, திங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒன்று, இரண்டு சொல்லிப் பார்த்திருக்கிறார். சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறாள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

“இந்தாய்யா, இந்தப் பொண்ணுதான் பொஸ்தவம் எடுத்துக் குட்த்தது. ஐயப்பன்தாங்கல்ல கீது” என்றார் ராணி.

ஜம்புலிங்கத்தின் கண் சட்டென்று விரிந்தது. நல்ல கையைத் தூக்கி நெஞ்சில் தட்டிக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

“இன்னாத்துக்கு அப்டி பாக்கறாருன்னா, அந்தூரு பஸ் டிப்போலதான் கண்டக்டரா இருந்தாரு. அந்த ரோடு முச்சூடும் அவருக்கு மனப்பாடம்” என்ற ராணி, சொன்ன வாக்கியத்திலேயே இடறி நின்றார். புத்தகத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே போய் உட்கார்ந்து, மெதுவாக, ஆனால் பஸ்ஸில் கூவுகிற ராகத்திலேயே சொன்னார்.

“பூந்தமல்லி... கரையான்சாவடி...”

நிறுத்தினார். ஸ்வாதிக்கு நாக்கு நுனியில் அடுத்த பெயர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கு...” என்றார் ஜம்புலிங்கம். கழுத்து நரம்பு புடைத்தது. “குமணஞ்சாவடி.”

ராணி இன்னும் கிட்டே குனிந்தார்.

“காட்டுப்பாக்கம்” என்றார் அவர். அது தெளிவாகவே வந்தது. பிறகு ஸ்வாதியைப் பார்த்துக் கையை நீட்டி, “ஐயப்பன்தாங்கல்” என்றார். கூடவே, தேடாமல், யோசிக்காமல், “உள்ள போ, உள்ள போ” என்றும் வந்தது.

ராணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “பொண்டாட்டி பேரு வரல, உள்ள போ மட்டும் வர்து பாரு இந்த ஆளுக்கு!” ஜம்புலிங்கமும் தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்வாதி கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அன்று அந்த வீட்டில் சாப்பிட வைத்த பிறகுதான் கிளம்ப விட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. அவளுக்குப் பழக்கமில்லாத காரம். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பேச்சு அப்படியே கொட்டிவிடவில்லை. பெரியாஸ்பத்திரியில் பயிற்சி கொடுப்பவரிடம் சொன்னபோது, இதே வழியில் போங்கள் என்றார். பஸ் நிறுத்தங்களுக்குப் பிறகு கிழமைகள் வந்தன. தண்ணி, சோறு, வேணாம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ‘ராணி’ வந்த அன்று ராணி படிப்பகத்துக்குப் போன் போட்டு, ஜஸ்டினையும் ஸ்வாதியையும் ஸ்பீக்கரில் கேட்க வைத்தார்.

தளத்தில் எந்த மாற்றம் செய்தாலும் இப்போது ராணி பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். ஸ்வாதி பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் சொல்லிக் கொடுக்காமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பார்ப்பாள். “இந்தப் பொத்தான எதுக்கு ஒளிச்சு வெச்சுகீற?” என்று ராணி கேட்டால் அன்றைக்கே அது இடம் மாறும்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் ராணி கணவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். பாண்டியன் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தான். ஜம்புலிங்கத்துக்குத் தனியாக ஒரு அட்டை வேண்டுமாம். ஜஸ்டின் கணினியைத் திறந்து, “பேரு சொல்லுங்க சார்” என்றார். பெயர் அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டார்.

ராணி வாயெடுத்தார். ஜம்புலிங்கம் கையைக் காட்டித் தடுத்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியே ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பிப் போனது.

“ஜம்பு... லிங்கம்” என்றார் அவர்.

ஜஸ்டின் அதைத் தமிழிலேயே அடித்தார்.