ஓடும் மாட்டுக்கு எந்த லென்ஸ்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதைகள் மழையிலிருந்தோ, யாராவது அழுததிலிருந்தோ பிறக்கும் என்று நினைத்திருந்தேன். என்னுடையது 2003 ஜனவரி டைரியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்களிலிருந்து பிறந்தது. இரண்டு கட்டத்தில் கேமரா பாடி, இரண்டு கட்டத்தில் லென்ஸ்.

கோடு போடுவது எனக்குப் பழக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வெட்டுவதற்கு முன் தோலை மேசையில் விரித்து, குறை இருக்கும் இடத்தை வெள்ளிப் பேனாவால் வட்டமிட்டு, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ‘செலக்‌ஷன்’ என்று பெயர். நான்கு வருடமாகச் செய்கிறேன். செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் நடக்கும் போட்டோகிராபி வகுப்புக்குப் போகிறேன். எடுத்த படம், ஷட்டர், அபெர்ச்சர், தப்பு என்று தலைப்பிட்டு டைரி எழுதச் சொன்னார்கள். ‘தப்பு’ என்ற பகுதியை மட்டும் நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன். அது நீண்டுகொண்டே போய் இங்கே வந்து நிற்கிறது.

2

முதல் தொடக்கம்: “புழுதி பறந்தது. நெல்வின் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான். எதிரே நான்கு கால்களில் மரணம்—”

அடித்துவிட்டேன். மரணமெல்லாம் ரொம்ப ஜாஸ்தி.

இரண்டாம் தொடக்கம்: “மாடு விடும் விழா என்பது பொங்கலை ஒட்டி நம் மாவட்டத்தில் நடைபெறும் ஒரு—”

இது ஏழாம் வகுப்புப் பாடம். ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ஒவ்வொரு மாடாக அவிழ்த்து விடுவார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்கள். எது சீக்கிரம் வருகிறதோ அதற்குப் பரிசு. [மாட்டை யாரும் அடக்குவதில்லை. இதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். தெற்கே இருப்பவர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள்.] ஓடுகிற மாட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டால், தட்டியவருக்கு அடுத்த பொங்கல் வரை அதுவே பேச்சு.

மூன்றாம் தொடக்கத்தில் கற்பனை இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

“ஓடுறத எடுத்திருக்கியாம்மா?” என்று கேட்டார் முக்தார் பாய்.

முக்தார் அகமது பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், நிக்காஹ், பாஸ்போர்ட் என்று போய்க்கொண்டிருந்த கடைக்கு இரண்டு வருடமாகப் பள்ளி விளையாட்டு விழாவும் மாடு விடும் விழாவும் நிறைய வருகின்றன. அவருக்கு முட்டி வலி. ‘ஆள் தேவை’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார். மூன்று நாள் அதைப் படித்துவிட்டு நான்காம் நாள் உள்ளே போனேன்.

“இல்ல பாய். வகுப்புல பூந்தொட்டி எடுத்தோம். ஜன்னல். அப்புறம் ஜக்கு.”

“ஜக்கு” என்று அவர் திருப்பிச் சொன்னார். கொஞ்சம் டீ குடித்தார். “கல்யாணத்துல நில்லுன்னா நிப்பாங்க. ஜக்கு, சொல்லாமயே நிக்கும். மாடு நிக்காதும்மா.”

“தெரியும் பாய்.”

“சரி, ஒரு ரோல் தர்றேன். முப்பத்தாறு. எடுத்துட்டு வந்து எனக்கு ஒரே ஒரு படம் காட்டு. மாடு ஓடுதுன்னு அந்தப் படம் சொல்லணும். சொல்லிச்சின்னா பிப்ரவரிலருந்து இங்க வந்துடு. சொல்லலன்னா பேஜார் பண்ணிக்காத, நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

[இந்தக் கதையில் எனக்கு என்ன போகும், என்ன வரும் என்பது இவ்வளவுதான். பிப்ரவரியில் நான் செலக்‌ஷன் மேசை முன்னால் நிற்பேனா, ஸ்டூடியோவில் நிற்பேனா. இரண்டிலும் நிற்கத்தான் போகிறேன். ஆனால் ஒன்றில் நாள் முழுக்கக் குறையைத் தேட வேண்டும், இன்னொன்றில்—]

பிறகு கண்ணாடி மேசைமேல் நான்கு பொருள்களை வைத்தார். ஒரு பாடியில் மோட்டார் இருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு ஐந்து படம். இன்னொன்று பழையது, ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளி ஃபிலிமை நகர்த்த வேண்டும். லென்ஸில் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஐம்பது மில்லிமீட்டர். மற்றது எண்பதிலிருந்து இருநூறு வரை இழுக்கிற நீளமான லென்ஸ். அரிசி மூட்டையைப் போலக் கனத்தது. [இல்லை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டைரியில் பொய் வேண்டாம்.] கம்பெனிப் பெயர்களை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். படிப்பவர்கள் உடனே கட்சி பிரிந்துவிடுகிறார்கள்.

“வேகமான பாடி எடுத்தா சின்ன லென்ஸு. பெரிய லென்ஸ் எடுத்தா பழைய பாடி. நல்லது ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட தர மாட்டேன். மாடு மிதிச்சா ஒண்ணாவது மிஞ்சணும் எனக்கு.”

“நான் மிஞ்ச வேணாமா பாய்?”

“நீ ஓடிடுவ. லென்ஸு ஓடாது.”

4

வகுப்பு எடுக்கும் நத்தானியேல் சாரிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் பகலில் வேலூரில் ஒரு மருத்துவமனையில் போட்டோகிராபர். புண், தழும்பு, எக்ஸ்ரே.

“ஓடுறதப் பத்தி என்கிட்ட வந்து கேக்கறியே எப்சி. என்கிட்ட வர்றவங்கல்லாம் படுத்துட்டு இருப்பாங்க” என்றார்.

[எப்சி என்பது நான். பெயரை இதைவிட நல்ல இடத்தில் சொல்லியிருக்கலாம்.]

ஆனாலும் பேப்பரை வாங்கிக் கணக்குப் போட்டார். விநாடிக்கு ஐந்து என்றால் முப்பத்தாறு படமும் ஏழு விநாடியில் தீர்ந்துவிடும். “மொத மாட்டோடயே ரோல் முடிஞ்சுடும். மத்த மாடுங்ககிட்டப் போய் சாரி சொல்லிட்டு வா.” லென்ஸைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: ஓட்டத்தை நிறுத்த ஆயிரத்தில் ஒரு விநாடி வேண்டும்; அவ்வளவு சின்ன நேரத்தில் ஃபிலிமுக்குப் போதுமான வெளிச்சத்தை உள்ளே விடுவது பாடி இல்லை, லென்ஸ். அந்தப் பெரிய லென்ஸ் முழு நீளத்துக்கு இழுத்தாலும் அபெர்ச்சர் 2.8 வரை வாயை அகலமாகத் திறக்கும். அதனால்தான் அந்தக் கனம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் மோட்டார் பாடியைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் எளிது. நான் தவறவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஐந்து எடுத்தால் ஒன்றாவது விழும். தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்காகத்தான் மோட்டாரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டைரியில் எழுதி, அழகாக இருக்கிறதே என்று அடிக்கோடும் போட்டேன். இப்போது பார்த்தால் அவ்வளவு அழகாக இல்லை.

5

தேவகி அக்கா மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர். அவருடைய ஊரில்தான் விழா. ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் இறங்கி நடக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவரிடமும் அட்டவணையைக் காட்டினேன்.

“இன்னாது இது, அம்பது?”

“லென்ஸ்க்கா. தடுப்புக்கிட்ட நின்னு, அஞ்சாறு அடியிலருந்து எடுக்கணும்.”

“தடுப்புக்கிட்டயா? நீயா?” அக்காவுக்குச் சாதம் புரையேறியது. “அங்க ஒரு பொம்பள நின்னு பாத்திருக்கியா நீ? உன்ன யாரு வுடுவா? எங்க வீட்டு மொட்ட மாடிதான். நாங்கல்லாம் அங்கதான் நிப்போம். வா, முறுக்கு தின்னுட்டே எடு.”

இந்த இடத்தில்தான் நெல்வின் வருகிறான். முதல் தொடக்கத்தில் பார்த்தீர்களே, அவன். நெல்வினுக்குத் தடுப்பருகே தாராளமாக இடம் கிடைத்தது, ஏனென்றால் அவன் ஆண், மேலும் நிஜத்தில் இல்லாதவன். மூன்று பக்கம் அவனை ஓட விட்டேன். புழுதியில் மண்டியிட்டான், சட்டை கிழிந்தது, யாரோ ஒரு பெண் அவனை மாடியிலிருந்து பார்த்தாள். அந்தப் பெண் கையில் முறுக்கு இருந்தது. அதை எழுதிய பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. கேமராவை அவனிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மொட்டை மாடியிலிருந்து ஐம்பது மில்லிமீட்டரில் பார்த்தால் மாடு கட்டெறும்பு அளவுக்குத் தெரியும். ஆக, என் அட்டவணையில் ஒரு கட்டமே விட்டுப்போயிருந்தது: நான் எங்கே நிற்கிறேன். அதை மேலே எழுதியதும் மற்ற நான்கும் தாமாகவே தீர்ந்துவிட்டன. பெரிய லென்ஸ், பழைய பாடி. படத்துக்கு ஒரு லீவர் தள்ளல். மோட்டார் பாடியை முக்தார் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். பழையதைத் துணியால் துடைத்துத் தந்தார், அவ்வளவுதான்.

6

கைப்பிடிச் சுவரின் மேல் லுங்கியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்துக்கொண்டேன். பின்னால் பதினைந்து பெண்கள், எட்டுக் குழந்தைகள், இரண்டு அண்டா.

நத்தானியேல் சார் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். மாட்டைத் துரத்தாதே, தெருவில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திரு, மாடு கோட்டைத் தொடும்போது அழுத்து. முதல் மாடு வந்தது. அழுத்தினேன்.

“மாடு பூட்ச்சி. இப்ப இன்னாத்த அமுக்கற?” என்றார் தேவகி அக்கா.

இரண்டாவது மாட்டுக்கு முன்கூட்டியே அழுத்தினேன். மூன்றாவதுக்கு லீவர் தள்ள மறந்தேன். “அக்கா, வர்றப்ப சொல்லுங்க” என்றேன். அவர் “வர்து, வர்து, வர்து” என்று எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி சொன்னார், வராத மாட்டுக்கும் சேர்த்து. பதினான்காவது படத்தில்தான் மாடும் கோடும் விரலும் ஒரே நேரத்தில் சந்தித்தன என்று தோன்றியது. ஆனால் ஃபிலிமில் எதையும் அங்கேயே பார்க்க முடியாது. தோன்றுவதோடு சரி.

பிறகு பொறுமை போய்விட்டது. கோட்டை விட்டுவிட்டு, ஷட்டர் வேகத்தையும் குறைத்து, மாட்டின் கூடவே லென்ஸைத் திருப்ப ஆரம்பித்தேன். இடது கை ஃபோகஸ் வளையத்தில். அதன் பிறகு என் கை தடுமாறவே இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு படம், ஒன்றன்பின் ஒன்றாக. முதல்முறையாக என்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

[அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.]

7

லேபிலிருந்து பிரிண்ட் வந்தது புதன்கிழமை. சாப்பாட்டு நேரத்தில், சுத்தமாகத் துடைத்த செலக்‌ஷன் மேசையில் முப்பத்தாறையும் வரிசையாக அடுக்கினேன்.

பத்துப் படத்தில் சுண்ணாம்புக் கோடு, மிகத் தெளிவாக, தனியாக. மூன்றில் வால். ஒன்று, பதினான்காவது, முழு மாடு. மீதி இருபத்திரண்டிலும் தலை இல்லை. கொம்பு இல்லை. கழுத்துக்குப் பின்னால் தொடங்கி இடுப்பில் முடியும் உடம்பு. ஒன்றில் தோளில் முள் கீறல், மயிர் மயிராகத் தெரிகிறது. ஒன்றில் விலாவில் சூட்டுத் தழும்பு, படத்தின் சரியான நடுவில். ஒன்றில் உண்ணிக் கடி, எண்ணினேன், ஆறு.

தேவகி அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“அடிப்பாவி! உயிரோட ஓடுற மாட்டுக்குப் போய் செலக்‌ஷன் பண்ணிட்டு வந்திருக்கியேடி!”

“சிரிக்காதீங்கக்கா.”

“அதுவும் எல்லாமே செகண்ட் கிரேடு!”

பாடியைக் குறை சொல்ல முடியாது. லென்ஸையும் சொல்ல முடியாது; உண்ணிக் கடியை எண்ண முடிகிற லென்ஸை என்ன சொல்வது? நான்கு வருடமாகத் தோலைப் பார்த்த கண் மாட்டிலும் தோலைத்தான் பார்த்திருக்கிறது. கட்டம் போட்டு லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணுக்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

8

பாய் கேட்டது ஒரு படம். என்னிடம் இரண்டு இருந்தன.

பதினான்கு: தலை, வர்ணம் பூசிய கொம்பு, நான்கு கால், வால், கீழே கோடு. எல்லாம் துல்லியம். யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆயிரத்தில் ஒரு விநாடியில் எல்லாம் உறைந்துபோய், பாஸ்போர்ட்டுக்கு நிற்பதைப் போல இருக்கிறது மாடு.

முப்பத்தொன்று: தலை இல்லை, கால் இல்லை. முன்தோள் மட்டும். தோல் அலை அலையாகப் பின்னால் மடிந்திருக்கிறது. அதன்மேல் படிந்த புழுதியில் யாரோ ஒருவருடைய நான்கு விரல் இழுத்துக்கொண்டு போன தடம். விரல்கள் படத்தின் ஓரத்தில் இன்னும் காற்றில். தடுப்பும் ஆட்களும் கோடு கோடாகக் கரைந்திருக்கிறார்கள். இது எந்த மாடு என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது.

“இதுல இன்னா யோசன? தல இருக்கறத குடு” என்றார் தேவகி அக்கா.

முடிவு அ: பதினான்கைக் கொடுக்கிறேன். பாய் தலையாட்டுகிறார். பிப்ரவரி முதல் வாரம் நான்—

முடிவு ஆ: முப்பத்தொன்றைக் கொடுக்கிறேன். பாய் அதைத் திருப்பித் தருகிறார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேசைமேல் ஒரு புதுக் கட்டுத் தோல் வந்து—

முடிவு இ: அந்த நேரம் பார்த்து மாட்டின் சொந்தக்காரர் கடைக்குள் நுழைந்து, விரல் தடத்தைப் பார்த்துக் கண் கலங்கி— வேண்டாம். யாரும் நுழைய வேண்டாம்.

9

வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன்னால், ஐந்தரை மணிக்கு ஸ்டூடியோவுக்குப் போனேன். இரண்டு படமும் ஒரே உறையில். வழியெல்லாம் பதினான்கு என்று முடிவு செய்திருந்தேன். உறைக்குள் விரலை விட்டபோதும் பதினான்குதான். மேசைமேல் வைத்த பிறகு பார்த்தால் முப்பத்தொன்று.

முக்தார் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“மாட்டோட தல எங்கம்மா?”

“முன்னாடி போய்டுச்சு பாய்” என்றேன். “அவ்ளோ ஸ்பீடு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் எதிரில்தான் நின்றேன், அடுத்து அவர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய கண், அவருடைய கடை. இங்கே படத்தைக் கையில் வைத்திருப்பது நீங்கள். மடிந்த தோலைப் பாருங்கள், நான்கு விரல் தடத்தைப் பாருங்கள். மாடு ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் பிப்ரவரியில் நான் எங்கே இருப்பேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். இல்லை என்றாலும் எழுதிக்கொள்ளலாம். நான் வந்து திருத்த மாட்டேன்.

பதினான்காவது படத்தை மட்டும் கேட்காதீர்கள். தர மாட்டேன்.