முழுக்கைச் சட்டை

தையற்காரர் இரண்டாவது கையையும் மணிக்கட்டு வரை இறக்கி வெட்டினார். ஒன்பது வயதுப் பெண்ணின் கைப்பட்டைக்கு ஒரு பொத்தான் போதும். மூன்று வைத்தார். பொத்தான் நுழையும் காஜாவையும் இறுக்கமாகவே எடுத்தார்.

செத்துப்போன தங்கையின் மகள் அவள். முழங்கைக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. சுட்டவன் பெற்ற அப்பன். பள்ளிக்கூட டீச்சர் பார்த்து எழுதிப்போட்டதால் ஐந்து மாதமாகக் குழந்தை அரசு விடுதியில் இருந்தாள். அப்பனிடம் திரும்பிப் போவாளா, தாய்மாமன் வீட்டுக்கு வருவாளா என்பதை நாளைக்குக் கோர்ட்டு சொல்லும்.

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, முழுக்கை எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"நாலு பேர் முன்னாடி நிக்கப்போறா. அதைப் பார்த்தா அசிங்கம் அவனுக்கில்ல, நம்ம குடும்பத்துக்கு. டாக்டர் எழுதினது ஃபைல்ல இருக்கு, படிச்சுக்கட்டும்."

"ஃபைல்லயா? உங்க கடையில அளவுச் சீட்டே பாதி நாள் காணோம்."

அவர் மெஷினை மிதித்தார்.

மறுநாள் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் விடுதி ஆயா சட்டையை மாட்டிவிட்டாள்.

"இறுக்குது மாமா."

"பழகிடும். உள்ள போனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், என்ன?"

குழந்தை தலையாட்டினாள்.

பத்து மணிக்கு வந்தவர்களை மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை நல அதிகாரி அன்றுதான் அந்தக் குழந்தையைப் பார்க்கிறாள். ஐந்து மாதத்தில் அவள் மூன்றாவது ஆள். முதலாவது அதிகாரி அப்பன் வீட்டு வாசலில் நின்று, அவனையே கேட்டு எழுதிவைத்ததை இவள் வாசித்தாள். "தகப்பனுக்கு நிரந்தர வேலை. வீடு திருப்தி."

"டாக்டர் அறிக்கை?" என்றார் நீதிபதி.

"இன்னும் வரலைங்க. கேட்டு எழுதியிருக்கோம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் குழந்தையைப் பார்த்தார். அப்பன் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் கைகட்டி நின்றான்.

"அப்பா அடிப்பாராம்மா?"

குழந்தை மாமாவைப் பார்த்தாள்.

"அடிக்க மாட்டாருங்க."

பொய்யில்லை. அவன் ஒருநாளும் அடித்ததில்லை.

"காயமும் ஒண்ணும் தெரியலையே" என்று நீதிபதி எழுதத் தொடங்கினார்.

தையற்காரர் குழந்தையின் முன்னால் மண்டியிட்டார். முதல் பொத்தான் கழன்றது. இரண்டாவது வரவில்லை. "ஐயா, கையை ஒரு தடவை பாருங்க. இந்தக் கையை..."

"பெரியவரே, கோர்ட்டுல என்ன பண்றீங்க? எதுவா இருந்தாலும் மனுவா குடுங்க" என்றார் குமாஸ்தா. "அடுத்து, எழுபத்தி ஒண்ணு."

வெளியே அதிகாரி ஒரு தாளை நீட்டினாள். "குழந்தையை அப்பாகிட்ட ஒப்படைச்சாச்சு. சொந்தக்காரங்க யாராவது சாட்சி போடணும்." ஒப்படைத்ததைப் பார்த்தேன் என்று தையற்காரர் கையெழுத்துப் போட்டார்.

"சட்டை பாந்தமா இருக்கு மச்சான்" என்றான் அப்பன். "இதே மாதிரி இன்னும் ரெண்டு தெச்சு வைங்க."

"சரி மாப்பிள்ளை" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "ஏறு. அப்பாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

குழந்தை ஏறினாள். அவன் முதுகுக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, கைகளைப் பின்னால் வளைத்து, சீட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.