விரல் வைத்தால் திறக்குமா

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடையை அவள் தனியாகவே நடத்தினாள். ஒருநாள் ஒரு கணவனும் மனைவியும் லேப்டாப்போடு வந்தார்கள். அது அவனுடைய அக்காவின் லேப்டாப். மருந்துக்கடை வைத்திருந்த அந்த அக்கா, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஒரு ஃபோல்டர் பூட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேப்பர்லாம் அதுக்குள்ளதான்" என்றான் தம்பி.

பாவமாக இருந்தது அவளுக்கு. பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருளை ஓடவிட்டாள்.

"சின்ன பாஸ்வேர்டா இருந்தா சிக்கிடும். நீளமா வச்சிருந்தாங்கன்னா, நம்ம ஆயுசு முழுக்க ஓடினாலும் திறக்காது. அவங்க என்ன வச்சிருப்பாங்கன்னு தோணுதா?"

மனைவி சிரித்தாள். "அந்த மருந்து கம்பெனிக்காரன் பேரப் போட்டுப் பாருங்க. அவன் கூடத்தானே சுத்திட்டிருந்தாங்க."

தம்பியும் சிரித்தான். இன்னும் இரண்டு ஆண்களின் பெயர்களைச் சொன்னான். கொண்டுவந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான். எதுவும் பலிக்கவில்லை.

"விரல் வச்சா திறக்குமா?"

"இது பாஸ்வேர்டுக்கு மட்டும்தான் திறக்கும்."

"லேப்டாப்ப அப்படித்தான் திறந்தோம். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அக்கா கையத் தூக்கி வச்சேன்."

"விரல் வீங்கிப் போயிருந்துச்சு" என்றாள் மனைவி. "தொடச்சுத் தொடச்சு வைக்க வேண்டியதாயிடுச்சு. வீட்ட யாருக்கு எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சாகணுமே."

விரல் வைக்கும் இடத்தில், ஆஸ்பத்திரியில் அக்காவின் கையில் போட்டிருந்த பிளாஸ்டரின் பசை கறுப்பாக ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் தன் விரலும் அதன் மேல்தான் பட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலைச் சட்டென்று எடுத்தாள். மென்பொருளை நிறுத்தி லேப்டாப்பை மூடினாள்.

"எடுத்துட்டுப் போங்க."

"ஏன், காசு தர மாட்டோம்னு நினைச்சீங்களா?"

"எடுத்துட்டுப் போங்கன்னேன்."

அவர்கள் போன பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதவில்லை. மறுபடியும் கழுவினாள்.

அடுத்த மாதம் தம்பி மட்டும் வந்தான். மொட்டையடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

"அக்கா போயிட்டாங்க. நாலு கடை ஏறி இறங்கிட்டேன், ஒருத்தனாலயும் அந்த ஃபோல்டரத் திறக்க முடியல. இத விக்கலாம்னு இருக்கேன். உள்ள இருக்கறத அழிக்கவும் பாஸ்வேர்டு வேணுமா?"

"வேண்டாம்" என்றாள்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தப் பசையை முதலில் துடைத்தாள். பிறகு அவன் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தாள். கூலி என்று அவன் நீட்டிய நோட்டை மேசையில் வைக்கச் சொன்னாள். கையில் வாங்கவில்லை.