ஆயிரமாவது கட்டம்

வெண்ணந்தூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருந்த பாலசுந்தரத்துக்குப் பேச்சுக்கு முன்னால் கை நீண்டுவிடும். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடினால் தறிக்காரனுக்கு அடி. சோற்றில் கல் கடிபட்டால் மனைவி மஞ்சுளாவுக்கு அடி. ஒருமுறை அவன் அறைந்ததில் அவளுடைய இடது காது அடைத்துப்போனது. அதன்பிறகு யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்துத்தான் கேட்பாள். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். சேலத்திலிருந்து வரும் ஒரு சிறிய வார இதழில் கந்தவேல் என்பவர் குறுக்கெழுத்துப் புதிர் எழுதிவந்தார். கல்யாணமான புதிதிலிருந்தே பாலசுந்தரத்துக்கு அதில் பைத்தியம். ஞாயிறு காலை தறிகள் நின்றதும் கூடத்துக்கு வெளியே கட்டிலைப் போட்டு உட்காருவான். மஞ்சுளா காபியோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். கட்டம் முழுக்க நிரம்பிவிட்டால் அன்று பூராவும் சிரித்த முகம்தான். சரியான விடை அனுப்பியவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டால் பொட்டலத்தில் மல்லிகைப்பூகூட வரும். பாதி விடைகள் அவள் சொன்னவை. சொல்வதையும் கேட்பதுபோலத்தான் சொல்வாள்.

"தலையெடுத்த கவலையில் மீன் சிக்கும். ரெண்டெழுத்து" என்று அவன் ஒருநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

"கவலையில முதல் எழுத்த எடுத்துட்டா வலைங்களே. அப்படி இருக்குமோ?" என்றாள் அவள்.

அவன் கைதட்டிச் சிரித்தான். தானே கண்டுபிடித்ததாகத் தறிக்காரர்களிடம் போய்ச் சொன்னான். மஞ்சுளாவுக்கு அதில் வருத்தமில்லை. வாரத்தில் ஒருநாள் பயமில்லாமல் விடிந்தது. அது போதும் என்றிருந்தாள்.

ஆயிரமாவது புதிர் வரப்போகிறது, இரண்டு பக்கம் விரியும் பெரிய கட்டமாக வரும் என்று அந்த இதழ் முன்கூட்டியே அறிவித்தது. பாலசுந்தரம் தலைகால் புரியாமல் ஆடினான். கூடத்து வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினான். அதில் குறுக்கெழுத்துக் கட்டத்தின் நடுவே அவன் படம், கைகூப்பியபடி. ஆடு வெட்டி விருந்து என்று சொல்லி அக்கம்பக்கத்தாரையும் தறிக்காரர்களையும் அழைத்தான். அவனைப் போலவே புதிர் பைத்தியமான, சின்னண்ணன் என்ற பக்கத்து வீட்டுக்காரனும் வந்திருந்தான். சின்னண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் லாரி ஓட்டுபவன். ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ ரிக் நிற்கும் காட்டில் இருந்தபடி, மஞ்சுளா போனில் அனுப்பும் படத்தைப் பார்த்துக் கட்டம் நிரப்புவான். இந்த வாரத்துக்காகவே லீவு போட்டு ஊர் வந்திருந்தான்.

இதழ் வந்தது. கட்டம் பெரிதாகத்தான் இருந்தது. பாலசுந்தரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி முதல் குறிப்பைப் படித்தான்.

"அம்மாவின் தம்பி."

கூட்டத்தில் இருந்த யாரோ ஒரு பெண் "மாமா" என்றாள். சிரிப்பு எழுந்தது. பாலசுந்தரமும் சிரித்தான். அடுத்தது, "முட்டையிடும், கொக்கரிக்கும்." குழந்தைகளே கத்தின. அவன் முகம் மாறியது. வேகவேகமாகக் கீழே படித்து நிரப்பிக்கொண்டு போனான். எல்லாம் இப்படியேதான். ஒரு காலத்தில் தலையெடுத்த கவலையாக வந்தது, இப்போது "மீன் பிடிக்க உதவுவது" என்று வந்திருந்தது. இரண்டு இடங்களில் குறுக்கே போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

"அண்ணா, நடுவரியப் பாருங்க" என்றான் சின்னண்ணன் தணிந்த குரலில்.

கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போகும் நடுவரி. சுற்றிலும் உள்ள எழுத்துகள் விழ விழ அது தானாக நிரம்பிக்கொண்டு வந்தது. "பொன்மலர் நகர் மனை விற்பனைக்கு" என்று ஒரு விளம்பரம். மஞ்சுளாதான் முதலில் படித்தாள். வாயைப் பொத்துவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறை அவள் வாயின் மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த முதல் அடி அது, அதுவும் ஊர் பார்க்க. அவள் கட்டில் காலில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் முந்தானையில் சொட்டியது. பாலசுந்தரம் கறிக்குழம்பு அண்டாவை எட்டி உதைத்தான். குழம்பு மண்ணில் ஓடியது. வந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

"அண்ணி மேல எதுக்குங்கண்ணா கை வெக்கறீங்க? எழுதுனவன் அந்தக் கந்தவேல்" என்று சின்னண்ணன் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று சின்னண்ணன் யோசித்திருக்கவில்லை. பாலசுந்தரம் திரும்பினான்.

"அவன் ஊடு எங்கடா இருக்குது?"

அயோத்தியாப்பட்டணத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று சின்னண்ணனுக்குத் தெரியும். முன்பு ரிக் வேலைக்காக அங்கே போயிருக்கிறான். சொல்லத் தயங்கினான். பாலசுந்தரம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கியதும் சொன்னான். தான் ஓட்டாவிட்டால் இவனே ஓட்டி எங்கேயாவது மோதுவான் என்று கார்ச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"ஏறுடி. சிரிச்சயல்ல, அங்க வந்து சிரி."

மஞ்சுளா ஏறினாள். மல்லூர் தாண்டி, சீலநாயக்கன்பட்டி தாண்டி வண்டி போனது. முன்னால் உட்கார்ந்திருந்த பாலசுந்தரம் டேஷ்போர்டை முஷ்டியால் குத்திக்கொண்டே வந்தான். அவள் உதட்டில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தாள். அந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பட்டறை பாதி திறந்திருந்தது. கந்தவேல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரும்பு தூக்கித் தூக்கி முறுக்கேறிய கைகள். வந்தவர்கள் வாசகர்கள் என்றதும் மனைவி ரஞ்சிதாவிடம் டீ போடச் சொன்னார். மஞ்சுளாவின் உதட்டைப் பார்த்தார்.

"ஆயிரமாவதுன்னு ஊரையே கூட்டி வெச்சேன். இதத்தான் எழுதுனீங்களா?" என்று இதழை அவர் முன்னால் வீசினான் பாலசுந்தரம்.

கந்தவேல் அதைக் குனிந்து எடுக்கவில்லை. "நடுவரி நான் எழுதலைங்க. விளம்பரம் புடிச்சுட்டோம், அதச் சுத்தி எதையாச்சும் போட்டுக் கொடுங்கன்னாங்க. போட்டுக் கொடுத்தேன்."

"எதையாச்சுமா?"

"எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. நூறு எரநூறோடயே சலிச்சுப்போச்சு. விட்டுப்போட்டா நிம்மதின்னு இருக்குது."

அவர் அதை யார் மேலும் கோபமில்லாமல், உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னார். பாலசுந்தரத்துக்கு அதுதான் தாங்கவில்லை. மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவர் தலையில் அடித்தான். தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அடுத்த அடியைக் கந்தவேல் முழங்கையில் வாங்கினார். டீயோடு வந்த ரஞ்சிதா டம்ளர்களைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் தலைமுடியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவன் தடுமாறிய நொடியில் கந்தவேல் பாய்ந்து அவனை மேசையோடு சேர்த்து அழுத்தினார்.

அந்த மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருந்தது. கம்பி பிடித்த கை அதன் வாய்க்குள் போனது. கந்தவேல் மறுகையால் பிடியைச் சுழற்றினார்.

பாலசுந்தரம் அலறினான். கம்பி கீழே விழுந்தது. சின்னண்ணன் கந்தவேலின் தோளைப் பிடித்து இழுத்தான். பாறையை இழுப்பதுபோல இருந்தது.

"அண்ணி! ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி!"

கந்தவேல் ரத்தம் வழியும் முகத்தோடு மஞ்சுளாவைப் பார்த்தார். "உங்க உதட்டக் கிழிச்சது இந்தக் கைதானுங்களா?"

அவளுக்கு "விடுங்க" என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். உள்ளே எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுடைய நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. பாலசுந்தரம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பிறகுதான் அவள் சொன்னாள்.

"போதுங்க. விட்ருங்க."

அவர் உடனே விட்டுவிட்டார். விட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

இருவரையும் ஒரே ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். பாலசுந்தரத்துக்கு இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. போலீஸ் வருவதற்கு முன் அவன் மஞ்சுளாவைக் கிட்டே கூப்பிட்டான்.

"பாராட்டிப் பேசலாம்னு போனோம், அவந்தான் முதல்ல அடிச்சான்னு சொல்லு. உதட்டையும் அவனே கிழிச்சான்னு சொல்லு."

விசாரிக்க வந்த பெண் ஏட்டு அவளைத் தனியே அழைத்துப்போய் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டதும், கம்பி எடுத்தது யார், முதல் அடி யாருடையது என்று நடந்தபடியே சொன்னாள். கந்தவேல் வைஸைச் சுற்றியதையும் மறைக்கவில்லை. உதட்டைப் பற்றிக் கேட்டபோது காதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

இரண்டு பக்கமும் வழக்கானது. இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. கந்தவேல் புதிர் எழுதுவதை அதோடு விட்டார். இதழில் வேறு யாரோ எழுத ஆரம்பித்தார்கள். சின்னண்ணன் ரிக்கோடு வடக்கே போய்விட்டான். மஞ்சுளா வெண்ணந்தூருக்குத் திரும்பவில்லை. வாழப்பாடியில் தீவனக் கடை வைத்திருந்த தங்கை ஸ்ரீதேவியிடம் போனாள். கடையில் பருத்திக்கொட்டையும் தவிடும் நிறுத்துப் போட்டாள். சில மதியங்களில், ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது, அந்த எலும்புச் சத்தம் காதில் வரும். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வாய் திறந்திருக்கலாமா என்று யோசிப்பாள். திறந்திருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனாலும் அழுகை வரவில்லை.

ஆடியில் பாலசுந்தரம் வந்தான். இளைத்திருந்தான். கட்டுப் பிரித்த கையைத் துண்டால் மூடியிருந்தான். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"தறி பாதி நின்னுபோச்சு. ஊடு ஊடு மாதிரியே இல்ல. வந்துரு மஞ்சு."

அவள் தராசில் தவிட்டைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே உன்ன அடிக்கமாட்டேன், சாமி சத்தியமா. பாரு, அடிக்கறதுக்குக் கையே இல்ல." துண்டை விலக்கிக் காட்டினான்.

மஞ்சுளா பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி நேருக்கு நேர் அவள் பார்த்து நெடுநாளாகிவிட்டது.

"இன்னொரு கை இருக்குதுங்களே" என்றாள்.

சாக்கு எடுத்துக்கொண்டு ஒரு ஆள் பின்னால் வந்து, "நகருங்க" என்றதும் பாலசுந்தரம் நகர்ந்தான். அவள் சாக்கை வாங்கி வாயை விரித்துப் பிடித்து, எத்தனை கிலோ வேண்டும் என்று அந்த ஆளைக் கேட்டாள்.