வடிகட்டியில் விழுந்த கல்

அரிசி நொய் அளவுதான் இருந்தது. மஞ்சளாக, மெழுகைக் கிள்ளிப் போட்டதுபோல. டீ வடிகட்டியைக் குளியலறை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பில் இன்னும் வலி இருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. கல்லைக் கழுவி, காலி மருந்துக் குப்பியில் போட்டு மூடினாள்.

கல் அடைத்தே இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன தம்பிக்குத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கத்தான் அவள் பரிசோதனைக்குப் போனாள். ரத்த வகை பொருந்தியது. ஸ்கேனில் மட்டும், இரண்டு பக்கமும் கல். வலியே இல்லாமல் இவ்வளவு நாளும் உள்ளே இருந்திருக்கிறது.

"முதல்ல உங்க கல்லைப் பாப்போம்மா" என்றார் டாக்டர்.

அந்த 'முதல்ல' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். முதலில் கல், அடுத்தது தம்பி. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, லேசரால் உடைத்தார்கள். மிச்சத் துண்டுகள் தானாக வரும், வடிகட்டிப் பிடித்துக் கொண்டுவாருங்கள், எந்த வகைக் கல் என்று பார்க்கவேண்டும் என்றார்கள். தையல் கம்பெனிக்கும் வடிகட்டியைப் பையில் வைத்து எடுத்துப்போனாள். "டீக்கடை வைக்கப் போறியா?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்டாள். "ஆமா, உனக்கு மட்டும் ஓசி" என்றாள் அக்கா.

குப்பி பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. முடிவு வந்த அன்று நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு. ஒரு துண்டுகூட இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப என்னிக்கு டாக்டர் எடுக்குறீங்க?"

"எதை?"

"தம்பிக்குக் கொடுக்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குப்பியில் இருந்த கல் பிறவிக் கோளாறால் வரும் வகை, அவள் உடம்பு கல்லைச் செய்துகொண்டேதான் இருக்கும் என்றார். ஒரு சிறுநீரகத்தோடு இருக்கும்போது கல் அடைத்தால் அவளுக்கும் தம்பி கதிதான்.

"அவனுக்கும் இதே கல்லா இருக்குமா?"

"இருக்கலாம். அவர் கல்லை யாரும் சோதிச்சுப் பாக்கலையே. வலி நின்னதும் கல்லு போயிடுச்சுன்னு விட்டுட்டார்."

"திரும்ப வந்தா திரும்ப வடிகட்டிக்கிறேன் டாக்டர். எனக்குப் பழகிப்போச்சு."

அவர் ஃபைலை மூடினார். வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் இஷ்டம்தானே?"

"உங்க இஷ்டம்தான். ஆனா எடுக்குறவன் நான். என்னால முடியாதும்மா." பிறகு, தரையைப் பார்த்தபடி, "நிறையத் தண்ணி குடிங்க. ராத்திரி எழுந்தும் குடிக்கணும். இதுக்கு மருந்து பாதி வைத்தியம், தண்ணி பாதி வைத்தியம்" என்றார்.

தம்பி கீழ்த்தளத்தில், ரத்தம் சுத்திகரிக்கும் அறையில் படுத்திருந்தான். கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பின. பஸ் ஓட்டிய கை அது. இப்போது ஊசி குத்திய இடமெல்லாம் முண்டுமுண்டாக இருந்தது.

"என்னக்கா, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வந்திருக்க?"

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"கல்லு திரும்பத் திரும்ப வருமாம்டா."

அவன் கூரையைப் பார்த்தான். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் புரண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்ன வயசுலயே நீ அப்படித்தான்" என்றான் கடைசியில். "எனக்கு எது கிடைச்சாலும் உனக்கும் வேணும்னு அழுவ."

அவளால் சிரிக்க முடியவில்லை. அவனும் அதோடு நிறுத்திக்கொண்டான்.

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"தண்ணி குடிக்கணுமாம். நிறைய."

அவனுக்கு ஒரு நாளைக்கு அளந்து இரண்டு தம்ளர் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்வான்.

"குடிச்சியா?"

"வெளிய போய்க் குடிக்கிறேன்."

"இங்கயே குடி."

"வேணாம்டா."

"குடின்னா குடி. உனக்கும் இந்தக் கட்டில் வேணுமா?"

அவள் நர்ஸின் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி வந்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். ஒவ்வொரு மிடறும் தொண்டையில் சத்தமாக இறங்கியது. பாதியில் நிறுத்தினாள்.

"இன்னும் இருக்கு" என்றான் தம்பி.